சாரதியின் கையில் இல்லாதது

2024 அக்டோபர் 24, வியாழக்கிழமை. புனேக்குப் பக்கத்தில், கஹுஞ்சே மைதானத்தில் நியூசிலாந்தின் கடைசி ஆட்டக்காரர்கள் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தார்கள். விக்கெட் கீப்பர் ரிஷப் பண்ட், பந்துவீசிய வாஷிங்டன் சுந்தருக்கு ஹிந்தியில் யோசனை சொன்னார்: இன்னும் கொஞ்சம் முன்னால் போடலாம், சற்று வெளியே போடலாம் என்கிற மாதிரி. வாஷிங்டன் அப்படியே போட்டார். மட்டையோடு நின்றவர் ஓங்கி ஒரு வீசு வீசினார், நாலு ரன். அவர் அஜாஸ் படேல். மும்பையில் பிறந்து, எட்டு வயதில் நியூசிலாந்துக்குக் குடிபோனவர். இவனுக்கு ஹிந்தி தெரியும் என்று எனக்கென்ன தெரியும் என்று பண்ட் புலம்பியது ஸ்டம்ப் மைக்கில் விழுந்து, நாடே சிரித்தது. அந்த நாலு ரன்னோடு அஜாஸ் கணக்கும் முடிந்தது. வாஷிங்டனே அவரை போல்டு செய்தார்.

தமிழில் சொல்லியிருந்தால் அந்த நாலும் போயிருக்காது என்று எங்கள் தேஹு ரோட்டில் பேசிக்கொண்டோம். அன்றைக்கு அப்படிப் பேச எங்களுக்கு உரிமை இருந்தது. நியூசிலாந்து 259 ரன்னில் சுருண்டதில் அஷ்வின் 3, வாஷிங்டன் 7. மராட்டிய மண்ணில் பத்து விக்கெட்டையும் இரண்டு சென்னைக்காரர்கள் பங்குபோட்டுக்கொண்டார்கள், இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள். ரச்சின் ரவீந்திராவை போல்டு செய்த பந்து இன்னும் கண்ணில் நிற்கிறது. இடக்கை ஆட்டக்காரர், 65 ரன் எடுத்து நன்றாகக் காலூன்றியிருந்தவர், முறையாகத் தடுக்கத்தான் போனார். பந்து மட்டையின் வெளிவிளிம்பைத் தாண்டித் திரும்பி ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டியது. மூன்று விக்கெட்டுக்கு 197 என்று இருந்த ஆட்டம் அங்கே கவிழ்ந்தது.

ஆனால் மூன்றே நாளில் இந்தியா 113 ரன்னில் தோற்றது. மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். பன்னிரண்டு வருடமாகச் சொந்த மண்ணில் டெஸ்ட் தொடரை இழக்காமல், பதினெட்டுத் தொடர்களை வரிசையாக வென்றிருந்த அணி இங்கேதான் விட்டுக்கொடுத்தது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம். டீக்கடையில் அதிகம் அடிபட்டது இது: கோச் சொல்வது பிளேயர்களுக்கு ஏறவில்லை.

ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு ஏறுவது என்றால் என்ன? இதைக் கிரிக்கெட் கேள்வியாக நான் நினைக்கவில்லை. சைவ வீட்டில் வளர்ந்தவன். குரு, தீட்சை, உபதேசம் என்று சின்ன வயதில் காதில் விழுந்ததெல்லாம் இதே கேள்வியைச் சுற்றித்தான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அப்பாவும் அதே டிப்போ. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. மராத்தியில் சண்டை போடுவோம், தமிழில் சாமி கும்பிடுவோம், இரண்டும் வராத இடத்தில் ஹிந்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்டோன்மென்ட் பையன்கள் சிலர் வருவார்கள். அவர்களுக்கு சுழல்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. நாளைக்கே வராமல் நின்றுவிட அவர்களுக்கும் தடையில்லை.

அதில் ஒரு பையன் நேபாளி, தகப்பன் பட்டாளத்தில் இருக்கிறார். என் ஹிந்தி அவனுக்குப் பாதி புரியும், அவன் ஹிந்தி எனக்குப் பாதி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே எவ்வளவு அகன்று உட்கார வேண்டும் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் ஏறாது. அவன் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் மேல்கணு தையலில் அழுந்துகிற மாதிரி பந்தை வைத்துவிட்டு, கதவுக் குமிழைத் திருகுவது போலத் திருகு என்று சைகை காட்டினேன். கொஞ்ச நேரம் எல்லாப் பந்தும் நேராகப் போனது. பிறகு ஒன்று தரையில் பட்டுத் திரும்பியது. பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் விரலைத்தான் பார்த்தான்.

ஏறுவது என்றால் என்ன என்பதற்கு ஒரு பழைய பதில் உண்டு. புனேயின் எரவாடாவில் இருக்கும் டெக்கான் கல்லூரி, 1966இல் பர்த்ருஹரியின் வாக்கியபதீயத்தை வெளியிட்டது. பதிப்பித்தவர் நம்மவர், கே.ஏ. சுப்பிரமணிய ஐயர். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த இலக்கணக்காரரின் கட்சி இது: சொல் சொல்லாகச் சேர்த்து யாரும் பொருளைக் கட்டுவதில்லை. கேட்பவனுக்குள் வாக்கியம் முழுசாக ஒரே வீச்சில் பளிச்சிடுகிறது. அதோடு நிற்காமல், வசந்தத்தில் பாடக் குயிலுக்குச் சொல்லிக்கொடுத்தது யார், கூடு கட்டப் பிராணிகளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்றும் கேட்கிறார். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை, உள்ளே இருப்பது விழித்துக்கொள்கிறது என்கிற பக்கம் அவர் சாய்கிறார். அந்தப் பையனின் விரலைப் பார்த்த பிறகு இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விழிப்பு சிலர் முன்னால் வருகிறது, சிலர் முன்னால் அடம்பிடித்துத் தூங்குகிறது. அது ஏன் என்பதற்கு இலக்கணத்தில் பதில் கிடையாது.

அதே எரவாடாவின் சிறையில்தான் 1932 செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், நம்மூர் எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரோடு அதில் ஒரு கிரிக்கெட் வீரரின் கையெழுத்தும் இருக்கிறது: பல்வங்கர் பாலு. தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்த இடக்கை ஸ்பின்னர். 1890களில் இதே புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நாலு ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டி, கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிளப்பில் சிறந்த ஆட்டக்காரர் கேப்டன் கிரெய்க். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து பாலுவைப் பந்துவீசச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. மணிக்கணக்காக, நாள்கணக்காக அந்த இருவர் மட்டும். அதில் யார் கோச், யார் மாணவன்? கிரெய்க் பாலுவால் ஆட்டத்தைக் கூர்தீட்டினார், பாலு கிரெய்க்கால் பந்தைக் கூர்தீட்டினார். அவர்களுக்குள் எத்தனை வார்த்தை நடந்திருக்கும்?

அதற்காக வெள்ளைக்காரரைத் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். அத்தனை வருடத்தில் பாலுவின் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னவர் அங்கே இல்லை. பேட்டிங் துரைமார் வேலை, பந்து பொறுக்குவதும் போடுவதும் கூலி வேலை.

அடுத்ததுதான் என்னை உறுத்துவது. புனே ஹிந்துக்களின் கிளப்பில் பாலுவைச் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது, சேர்க்க வேண்டும் என்றவர்கள் அங்கிருந்த தெலுங்கு உறுப்பினர்கள். வேண்டாம் என்றவர்கள் உள்ளூர் மராத்திப் பிராமணர்கள். அப்படி ஒரு ஆளை விடுகிறவர்கள் முட்டாள்கள் என்ற தோரணையில் கிரெய்க் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். கடைசியில் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, உடைத்தெறியும் மண் குவளையில் டீ. ஒரே ஊரில் ஒரே பேச்சு பேசியவர்கள் வைத்த குவளை அது. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக அவர் 114 விக்கெட் எடுத்தார். ஹிந்துக்கள் அணியின் கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை. 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

ஆகவே, டிரஸ்ஸிங் ரூமில் நாலு மொழி இருப்பதால்தான் குழப்பம் என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பேச்சை வளர்ப்பதில்லை. 2008இல் வந்த கேரி கிர்ஸ்டன் தென்னாப்பிரிக்கர், ஹிந்தி பேசுபவர் அல்ல. வலையில் நின்று சலிக்காமல் பந்து எறிந்துகொடுத்தே மூன்று வருடம் ஓட்டினார். 2011 ஏப்ரல் 2 அன்று வான்கடேயில் உலகக் கோப்பையை வென்றதும் அந்தப் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். பெரிய சண்டைகள் எல்லாம் நன்றாகப் பேசிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குள்தான் நடந்திருக்கின்றன.

சௌரவ் கங்குலியும் கிரெக் சாப்பலும் ஒரு நல்ல பாடம். 2003இல் ஆஸ்திரேலியத் தொடருக்கு முன்னால் கங்குலி தானாகத் தேடிப்போய் சாப்பலிடம் ஆலோசனை கேட்டார். அந்த டிசம்பரில் பிரிஸ்பேனில் 144 அடித்தார். இரண்டு வருடம் கழித்து இந்திய அணிக்கு கோச் தேடியபோது சாப்பலுக்காகப் பேசியவர்களில் கங்குலியே ஒருவர். 2005 மே மாதம் சாப்பல் வந்தார். செப்டம்பரில் ஜிம்பாப்வேயில், கேப்டன் பதவியை விட்டு விலகினால் என்ன என்கிற அளவுக்குப் பேச்சு போனது. கங்குலி அதை வெளியே சொன்னார், சாப்பல் கிரிக்கெட் போர்டுக்கு எழுதிய மின்னஞ்சல் கசிந்தது, கேப்டன் பதவி திராவிடுக்குப் போனது. 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறிய பிறகு சாப்பலும் போனார்.

ஆட்களும் அவர்களே, பேசிய ஆங்கிலமும் அதுவே. முதல் தடவை கங்குலி கேட்டுக்கொண்டு போனவர். சாப்பலுக்கு அவர்மேல் எந்த அதிகாரமும் இல்லை. இரண்டாவது தடவை, சொல்லிக்கொடுக்கிறவரின் வார்த்தை, யார் அணியில் இருக்கலாம் என்பதற்கும் எடைக்கல்லாகிவிட்டது. என் கால் சரியாக நகரவில்லை என்று ஒருவரிடம் சொல்லலாம். அவரே நாளைக்கு என் பெயரை அடிக்கக்கூடியவர் என்றால், கால் நன்றாகத்தானே நகர்கிறது என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும்.

கும்ப்ளே விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 2016 ஜூனிலிருந்து ஓராண்டு அவர் கோச். 17 டெஸ்டில் 12 வெற்றி. தோற்றது ஒன்றே ஒன்று, அதுவும் எங்கள் கஹுஞ்சேயில்: 2017 பிப்ரவரியில் ஸ்டீவ் ஓ'கீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு ஆறு ஆறு விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா 333 ரன்னில் ஜெயித்த ஆட்டம். ஜூன் 20 அன்று கும்ப்ளே விலகினார். தன் பாணி கேப்டன் கோலிக்குப் பிடிக்கவில்லை என்று போர்டு சொல்லித்தான் முதல்முதலாகத் தெரிந்துகொண்டேன் என்று அறிக்கையில் எழுதினார். அதிலேயே, கோச்சின் வேலை கண்ணாடி பிடிப்பது போன்றது என்றும் சொன்னார். நல்ல வார்த்தைதான். ஆனால் கண்ணாடி பார்க்கிற நேரத்தை முகத்துக்குச் சொந்தக்காரன்தான் முடிவு செய்வான். பிடித்த பிடியாக முகத்துக்கு நேரே நீட்டினால், கோலியாக இருந்தாலும் என் பக்கத்து வீட்டுப் பையனாக இருந்தாலும் தட்டிவிடுவான்.

நம் சைவத்தில் இதே கண்ணாடிக்கு ஒரு கதை உண்டு. அருணந்தி சிவாச்சாரியார் சகல ஆகமங்களும் படித்த பெரியவர், திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. தன் சீடர்கள் எல்லாம் சின்னப் பிள்ளையான மெய்கண்டாரிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்கள் என்று கோபத்தோடு நேரே போய், ஆணவ மலத்தின் நிலை எப்படியிருக்கும் என்று கேட்டார். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தது. இதோ இப்படித்தான் நின்றுகொண்டிருக்கும் என்று அவருக்கே உறைத்தது. கீழே விழுந்து வணங்கிச் சீடரானார். அங்கே கண்ணாடி வேலை செய்ததற்குக் காரணம், சண்டைக்கென்றாலும் அவர் கேள்வியோடு போனார். மெய்கண்டாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் போகவில்லை. ஆன்மா பழுத்த பிறகுதான் குரு வருவார் என்பது சித்தாந்தம். போர்டு ஒப்பந்தத்தில் பழுப்பதற்கு ஒரு பத்தி ஒதுக்க முடியாதுதான்.

மௌனம் என்றாலே ஆலமரத்தடித் தட்சிணாமூர்த்தி ஆகிவிடாது. 2018 நவம்பரில் மகளிர் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் மிதாலி ராஜை வெளியே உட்கார வைத்தார்கள். இந்தியா இங்கிலாந்திடம் தோற்றது. மற்றவர்கள் வலையில் ஆடும்போது நின்று பார்க்கும் கோச் ரமேஷ் பவார், நான் ஆட வந்தால் நகர்ந்துபோய்விடுவார் என்று மிதாலி போர்டுக்கு எழுதினார். மிதாலி ஒதுங்கியே இருப்பார், கையாள்வது கடினம் என்று பவார் தரப்பில் அறிக்கை. பவார் போய், டிசம்பரில் நம் டபிள்யூ.வி. ராமன் வந்தார். 2021இல் ராமனை மாற்றிவிட்டு மறுபடி பவார். மிதாலி அப்போது ஒருநாள் அணிக்கு கேப்டன். இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. பார்க்காமல் போவதும் பாடமாக ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். ஆலமரத்தடி மௌனம் எதிரில் இருப்பவரை விட்டு நகராத மௌனம்.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்குத் திருவல்லிக்கேணி ஞாபகம் வரும். சேப்பாக்கம் மைதானத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பார்த்தசாரதி கோயில். மூலவர் மீசை வைத்த வேங்கடகிருஷ்ணன். கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தேரோட்ட வந்தவர். உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள். தேரில் முன்னால் உட்கார்ந்தவனுக்குத்தான் முதல் அம்பு. கோச்சுக்கு இதைவிட ஒரு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. அடி வாங்கும் இடத்தில் இரு, ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வா. அவருக்கே ஒரு தடவை பொறுமை போய், பீஷ்மரை நானே முடிக்கிறேன் என்று குதித்து ஓடினார் என்கிறது பாரதம். காலைப் பிடித்து நிறுத்தியது அர்ஜுனன்.

அர்ஜுனனும் லேசுப்பட்ட மாணவன் அல்ல. தேரை அங்கே நிறுத்து என்று முதலில் உத்தரவு. பிறகு, நான் உன் சீடன், சொல் என்று அவனாகக் கேட்கிறான். அதற்கப்புறம்தான் உபதேசமே தொடங்குகிறது. கீதையின் மூன்றாம் அத்தியாயம் தொடங்கும்போதே, நீ பேசுவது குழப்புகிறது, ஏதாவது ஒன்றைத் தெளிவாகச் சொல் என்று சலித்துக்கொள்கிறான். கண்ணன் போர்டுக்குக் கடிதம் எழுதவில்லை. பதினெட்டாம் அத்தியாயம் வரை சொல்லிவிட்டு, இதை முழுசாக யோசித்து உன் இஷ்டப்படி செய் என்கிறார்.

அந்தத் திருவல்லிக்கேணிக்காரர்தான் வாஷிங்டனின் அப்பா எம். சுந்தர். ஏழ்மையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த அவருக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்த பி.டி. வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவக்காரர் பள்ளிக் கட்டணம் கட்டினார், சீருடை வாங்கித் தந்தார், சைக்கிளில் உட்காரவைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவர் 1999இல் காலமானார். அதே வருடம் அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு சுந்தர் அவர் பெயரை வைத்தார். கஹுஞ்சேயில் ஏழு விக்கெட் எடுத்த பெயர் அது. பெயருக்குச் சொந்தக்காரரான அந்த ராணுவக்காரர் எந்த அணியையும் தேர்வு செய்யும் இடத்தில் இருந்தவர் இல்லை.

இதை எங்கள் தெருவிலிருக்கும் நண்பரிடம் சொன்னேன். டிப்போவில் என்னோடு வேலை பார்த்தவர், வருடா வருடம் துக்காராம் பால்கியோடு பண்டரிபுரம் நடக்கிற வார்க்கரி, கீதைக்கு மராத்தி உரையான ஞானேஸ்வரியில் ஊறியவர். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மராத்தியில் மடக்கினார். "அப்பா, உன் சாரதிக்கு அதிகாரம் இல்லை என்கிறாயே, பதினோராம் அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் காட்டிவிட்டு, நீ இல்லாவிட்டாலும் இவர்கள் யாரும் மிஞ்சப்போவதில்லை என்றாரே, அது என்ன? உன்னை டீமில் எடுக்காவிட்டாலும் மேட்ச் ஜெயிப்போம் என்பதுதானே?"

அர்ஜுனனே காட்டு என்று கேட்டதால்தான் அந்த உருவத்தைக் காட்டினார், பயந்துபோய்ப் பழைய வடிவத்துக்குத் திரும்பு என்றதும் திரும்பியும் விட்டார் என்றேன்.

"சரி. உன் இஷ்டப்படி செய் என்றதற்கு மூன்று சுலோகம் தள்ளி, எல்லாவற்றையும் விட்டு என்னையே சரணடை என்கிறாரே?"

உங்கள் ஞானேஸ்வரருக்குக் குரு சொந்த அண்ணன் நிவிருத்திநாதர், அண்ணன் முன்னால் சரணடைய மனசு வந்தால் போதும். இங்கே முதலில் இஷ்டம், பிறகுதான் சரணம், அந்த வரிசையைப் பாருங்கள் என்றேன். போர்டுக்காரர்கள் சரணத்தை முதல் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்றும் சேர்த்தேன்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இஷ்டம், சரணம் இரண்டும் ஒன்றுதான், உனக்கு இன்னும் புரியவில்லை என்றார். புரிய வைக்க ஞானேஸ்வரியிலிருந்து ஒரு ஓவி சொல்லட்டுமா என்று கேட்டார். நான் கேட்கவில்லையே என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார்.